வெளிநாட்டுல படிச்ச பப்ளிக் ஹெல்த் டாக்டர் பிரிட்டன்ல ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டருக்குப் போற வழி: முழுமையான வழிகாட்டி

நான் சென்னைல எம்பிபிஎஸ், அப்புறம் எம்டி கம்யூனிட்டி மெடிசின் முடிச்சுட்டு இங்கிலாந்து வந்தவன். ஜிஎம்சி, அதாவது ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலோட ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல போர்ட்ஃபோலியோ வழியா, அதாவது நான் செஞ்ச வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் குடுத்து, பேர் வாங்கினேன். அதுக்கப்புறம் தமிழ்நாட்டுலேருந்தும் இலங்கைலேருந்தும் வந்த நிறைய பேரோட ஃபைலை உக்காந்து பாத்திருக்கேன். திறமை இல்லாம யாரும் தடுக்கி விழல, வேலையை எந்த வரிசைல பண்ணணும்னு தெரியாமதான் விழுந்தாங்க. அதனால இங்க வரிசையைத்தான் எழுதறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. இந்த வேலைல கைவிட்டுப் போறது ரெண்டு வகை. ஒண்ணு ஆளுங்களோட கையெழுத்து, துறைத் தலைவர் (எச்ஓடி) ரிட்டையர் ஆயிட்டாலோ டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாலோ அவ்வளவுதான், அதனால அதை முதல்ல வாங்கணும். ரெண்டாவது காலாவதி தேதி இருக்கற பேப்பருங்க, அதெல்லாம் கடைசில. நம்ம ஆளுங்க அப்படியே தலைகீழா பண்றாங்க, முதல் வாரமே ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதிட்டு வந்துடறாங்க, கையெழுத்தை மூணு வருஷம் கழிச்சு தேடறாங்க.

1. உங்க வழி இதுதானான்னு முதல்ல பாருங்க

பிரிட்டன்ல பப்ளிக் ஹெல்த் மெடிசின்ல டாக்டரா நிரந்தர கன்சல்டன்ட் ஆகணும்னா ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல பேர் இருக்கணும். அதுக்கு ரெண்டு கதவு. ஒண்ணு இங்கயே ஸ்பெஷாலிட்டி டிரெய்னிங்ல எஸ்டி1ல, அதாவது முதல் வருஷத்துல சேந்து, வழக்கமா அஞ்சு வருஷம் முடிச்சு சிசிடிங்கற பயிற்சி முடிச்ச சர்டிபிகேட் வாங்கறது. இன்னொண்ணு போர்ட்ஃபோலியோ பாத்வே. இதைத்தான் முன்னாடி சிஇஎஸ்ஆர்னு சொல்லுவாங்க, 2023 நவம்பர் 30லேருந்து பேரும் மாறிடுச்சு அளவுகோலும் மாறிடுச்சு.

அளவுகோல் மாறினது ரொம்ப முக்கியம். முன்னாடி உங்க பயிற்சி சிசிடிக்குச் சமம்னு காட்டணும். இப்ப பிரிட்டன்ல ஸ்பெஷலிஸ்டா வேலை பாக்கத் தேவையான அறிவு, திறமை, அனுபவம் இருக்குன்னு காட்டணும். அதனால உங்க எம்டி சிலபஸையும் இங்கத்த சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா ஒப்பிட்டு எழுதறது வேஸ்ட். பழைய சிஇஎஸ்ஆர் ஃபைல் யாராவது குடுத்தா அப்படியே காப்பி அடிக்காதீங்க, இதுனாலதான்.

எம்டி முடிச்சு மூணு நாலு வருஷம்கூட ஆகலன்னா, டிரெய்னிங் கதவையும் யோசிங்கன்னு நான் நேராவே சொல்லுவேன். அங்க போட்டி கடுமை, வாட்சன் கிளேசர்னு ஒரு லாஜிக் டெஸ்ட், கணக்கு டெஸ்ட், சிச்சுவேஷன் டெஸ்ட் எல்லாம் தாண்டணும், ஆனா உள்ள போயிட்டா சம்பளத்தோட எல்லா அனுபவமும் அவங்களே ஏற்பாடு பண்ணிடுவாங்க. போர்ட்ஃபோலியோல ஒவ்வொரு அனுபவத்தையும் நீங்களா தேடிப் போகணும். கன்சல்டன்ட் லெவல்ல முடிவெடுத்த வேலை ஏற்கனவே கைல இருக்கறவங்களுக்குத்தான் போர்ட்ஃபோலியோ லாபம்.

நீங்க எம்பிபிஎஸ் டாக்டர் இல்ல, பிடிஎஸ்ஸோ நர்ஸிங்கோ சயின்ஸோ முடிச்சு எம்பிஹெச் படிச்சவர்னா இந்த ரெஜிஸ்டர் உங்களுக்கில்ல. யுகே பப்ளிக் ஹெல்த் ரெஜிஸ்டர்னு தனியா ஒண்ணு 2003லேருந்து இருக்கு, அங்கயும் போர்ட்ஃபோலியோ மூலமா ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். ஃபார்ம் வேற, கீழ சொல்ற பழக்கங்கள்ல பாதி அங்கயும் உதவும்.

2. பேரையும் இனிஷியலையும் சரி பண்ணுங்க

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. எம்பிபிஎஸ் சர்டிபிகேட்ல முன்னாடி ஒரு எழுத்து இனிஷியல், எம்டி சர்டிபிகேட்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேம் இடத்துல, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேர் ஒரு ஐடில. நமக்கு இது ஒரே ஆள்னு பாத்தவுடனே தெரியும், இங்க உக்காந்து ஃபைல் பாக்கறவங்களுக்கு நாலு ஆள் மாதிரி தெரியும்.

பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான் இனிமே உங்க பேர்னு முடிவு பண்ணிடுங்க. வேற எழுத்துல இருக்கற சர்டிபிகேட் ஒவ்வொண்ணுக்கும் அஃபிடவிட் வாங்குங்க, ஊர்ல இருக்கும்போதே. உங்க வேலையைப் பத்தி எழுதித் தர்ற ரெஃப்ரிகிட்டயும் அதே பேர்ல எழுதச் சொல்லுங்க.

இதோட சேத்து எம்பிபிஎஸ் பட்டத்தை எபிக்ங்கற பட்டம் சரிபார்க்கற சேவை வழியா வெரிஃபை பண்ணக் குடுத்துடுங்க. காலேஜ், யூனிவர்சிட்டிலேருந்து பதில் வர எவ்வளவு நாள் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, வந்துட்டா அது காலாவதியும் ஆகாது, அதனால இதை முன்கூட்டியே முடிச்சு வெக்கறதுல நஷ்டமே இல்ல.

3. ரெண்டு டாக்குமென்டை பிரிண்ட் எடுத்து படிங்க

ஒண்ணு ஃபேகல்ட்டி ஆஃப் பப்ளிக் ஹெல்த், அதாவது பிரிட்டன்ல இந்தத் துறைக்கான தொழில் அமைப்போட 2022 கரிக்குலம். இன்னொண்ணு ஜிஎம்சி போடற ஸ்பெஷாலிட்டி ஸ்பெசிஃபிக் கைடன்ஸ், எல்லாரும் எஸ்எஸ்ஜின்னு சொல்லுவாங்க. அப்ளிகேஷன் ஜிஎம்சிக்குப் போனாலும் உங்க ஃபைலை எடை போடறது ஃபேகல்ட்டியோட ஆளுங்க, அவங்க கைல இருக்கறது அந்த கரிக்குலம்தான். எஸ்எஸ்ஜி அப்பப்ப மாறும், அதனால ஆரம்பிக்கும்போது ஒரு தடவை இறக்குங்க, சப்மிட் பண்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி மறுபடி இறக்கி தேதியை ஒப்பிட்டுப் பாருங்க.

கரிக்குலத்துல பத்து கீ ஏரியா. தகவலை வெச்சு மக்களோட ஆரோக்கியத்தை அளக்கறது, எந்த தலையீடு பலன் தருதுன்னு ஆதாரத்தை எடை போடறது, கொள்கை வகுத்து நடைமுறைப்படுத்தறது, தலைமையும் கூட்டு வேலையும், ஹெல்த் ப்ரமோஷன், ஹெல்த் ப்ரொடெக்ஷன், ஹெல்த் கேர் பப்ளிக் ஹெல்த், அகடெமிக் பப்ளிக் ஹெல்த், தொழில் ஒழுக்கம், கடைசியா பத்தாவது இது எல்லாத்தையும் ஒண்ணா சேத்து கன்சல்டன்ட் மாதிரி வேலை செய்யறது.

ஒவ்வொண்ணுக்கும் கீழ லேர்னிங் அவுட்கம் இருக்கு. எக்செல்ல ஒரு வரிக்கு ஒரு அவுட்கம் போடுங்க. பக்கத்துல மூணு காலம் (நெடுவரிசை) போதும்: நான் பண்ணின வேலை எது, அதுக்கு பேப்பர் எங்க, யார் கையெழுத்து போடுவாங்க. மூணாவது காலத்தை காலியா விட்டுட்டு நகராதீங்க. இந்த ஷீட்தான் அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்கு உங்க பஞ்சாங்கம்.

4. ஓட்டை எங்கன்னு கண்டுபிடிங்க

நம்ம ஊர் எம்டிக்காரங்களுக்கு முதல் ரெண்டு ஏரியாவும் எட்டாவதும் தானா நிரம்பிடும், தீசிஸ், சர்வே, பேப்பர், ஸ்டூடன்ட்ஸுக்குக் கிளாஸ் எடுத்தது எல்லாம் இருக்கும். அதனால ஃபைலோட முக்கால்வாசியை அதைப் போட்டே நிரப்பிடறாங்க. ஆராய்ச்சி பேப்பர் பத்து வெச்சாலும் கொள்கை ஏரியால இருக்கற ஓட்டை அடையாது, ஒரு ஏரியால இருக்கற மிச்சத்தை இன்னொண்ணுல வரவு வெக்க முடியாது.

ஓட்டை வழக்கமா மூணு இடத்துல இருக்கும்.

கொள்கை, தலைமை ரெண்டும் சேந்து ஒண்ணு. இங்கிலாந்துல 2013லேருந்து பப்ளிக் ஹெல்த் பொறுப்பு பெரும்பாலும் லோக்கல் கவுன்சில்கிட்ட. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் முன்னாடி உக்காந்து, பணம் கம்மியா இருக்கும்போது எதை வெட்டணும்னு ஆலோசனை சொல்றதுதான் வேலை. மெடிக்கல் காலேஜ்ல மட்டும் இருந்தவங்களுக்கு இது கிடைச்சிருக்காது. ஆனா கார்ப்பரேஷன் ஹெல்த் ஆபீசரா இருந்தவங்க, டிடிஹெச்எஸ், அதாவது சுகாதாரத் துணை இயக்குநர் ஆபீஸ்ல இருந்தவங்க, இலங்கைல எம்ஓஹெச்சா, அதாவது சுகாதார மருத்துவ அதிகாரியா இருந்தவங்க இதை வருஷக்கணக்கா பண்ணியிருப்பாங்க, இது ஒரு திறமைன்னு அவங்களுக்கே தோணாததால ஃபைல்ல வெக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு வைங்க.

ரெண்டாவது ஹெல்த் ப்ரொடெக்ஷன் ஆன் கால், அதாவது எந்நேரமும் அழைப்புக்குப் பொறுப்பா இருக்கற டியூட்டி. அவுட்பிரேக் பாத்திருப்பீங்க சரி, ஆனா ராத்திரி போன் வந்து, கைல பாதி தகவல்தான் இருக்கு, மெனிஞ்சைட்டிஸ் சந்தேகம், யாருக்கு ஆன்டிபயாடிக் குடுக்கணும் யாருக்கு வேண்டாம்னு நீங்களே தனியா முடிவெடுத்த பதிவு வேணும். மூணாவது ஹெல்த் கேர் பப்ளிக் ஹெல்த், அதாவது ஆஸ்பத்திரி சேவையை எப்படி அமைக்கறது, எந்த சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கறது. நம்ம எம்டில இது ரொம்ப மெலிசு.

5. பரீட்சையை முன்னாடியே எழுதுங்க

ஃபேகல்ட்டி பரீட்சை ரெண்டு: முதல்ல எழுத்துப் பரீட்சை டிஎஃப்பிஹெச், அப்புறம் செஞ்சு காட்டற பரீட்சை எம்எஃப்பிஹெச். போர்ட்ஃபோலியோக்கு அறிவைக் காட்ட இதைவிட சுத்தமான ஆதாரம் வேற இல்ல. பரீட்சை இல்லாம வேற வழில காட்டப் பாக்கறவங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு, சந்தேகமும் மிச்சம் இருக்கும். இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிஎஃப்பிஹெச் முடிச்சவங்களுக்கு இன்டர்வியூலயும் மரியாதை கூடுது, அதனாலதான் இதை ஆறாவது படிக்கு முன்னாடி வெச்சிருக்கேன்.

டிஎஃப்பிஹெச்ல முதல் பேப்பர் அறிவு: எபிடெமியாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஸ்க்ரீனிங், தொற்று நோய், சோஷியாலஜி, ஹெல்த் எகனாமிக்ஸ், மேனேஜ்மென்ட். நம்ம ஊர் பாடப் புத்தகமான பார்க் புத்தகத்தை உருப்போட்டவங்க ஸ்க்ரீனிங் கேள்வி வந்தா, ஒரு நோய்க்கு ஸ்க்ரீனிங் பண்ணலாமான்னு சொல்ற, 1968ல வந்த வில்சன் யுங்னர் கட்டளைகளை அப்படியே கொட்டிட்டு வந்துடுவாங்க. அதுல பாதி மார்க்தான். கேள்வில ஒரு நோய் சொல்லியிருப்பாங்க, ஒவ்வொரு கட்டளையையும் அந்த நோய்க்குப் பொருத்திப் பாத்து கடைசில வேணுமா வேணாமான்னு உங்க முடிவைச் சொல்லணும்.

ரெண்டாவது பேப்பர்ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை அலசணும், டேட்டா குடுத்தா அர்த்தம் சொல்லணும். அலசறதுல நம்ம ஆளுங்க கெட்டி, ஆனா இதை வெச்சு உங்க டைரக்டருக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டா தயங்கி மழுப்பிடறாங்க. வாரம் ஒரு பேப்பர் எடுத்து, படிச்சு, முடிவை ஆறே வரில எழுதிப் பழகுங்க.

எம்எஃப்பிஹெச் ஆறு ஸ்டேஷன், நடிச்சுக் காட்டற மாதிரி. எதிர்ல ஒரு ஜர்னலிஸ்டோ கோவமா இருக்கற கவுன்சிலரோ உக்காந்திருப்பாங்க. இதுக்கு மெடிக்கல் அறிவு அதிகம் வேண்டாம், டெக்னிக்கல் வார்த்தை இல்லாம பேசத் தெரியணும். வீட்டுல டாக்டர் இல்லாத ஒருத்தர்கிட்ட பேசிப் பாருங்க, அவங்க முகத்துலயே ரிசல்ட் தெரியும்.

6. ஓட்டையை அடைக்கற மாதிரி வேலை தேடுங்க

இந்த இடத்துல நிறைய பேர் கிடைச்ச வேலைல உக்காந்துடறாங்க. வேலை கிடைக்கறதே கஷ்டம், அது எனக்கும் தெரியும், ஆனா உள்ள நுழைஞ்சதுக்கப்புறமாவது உங்க எக்செல் ஷீட்டை எடுத்துக்கிட்டு சூப்பர்வைசர்கிட்ட உக்காருங்க. கவுன்சில் டீம்ல இருந்தா வாரம் ஒரு நாள் ஹெல்த் ப்ரொடெக்ஷன் டீமுக்கு அனுப்ப முடியுமான்னு கேளுங்க, ஹெல்த் ப்ரொடெக்ஷன்ல இருந்தா கவுன்சிலோட நீட்ஸ் அசெஸ்மென்ட்ல, அதாவது மக்களோட ஆரோக்கியத் தேவையை அளக்கற அறிக்கைல ஒரு அத்தியாயம் எழுதித் தர்றேன்னு கேளுங்க. வெறும் உதவி கேட்டா யோசிப்பாங்க. இந்த அவுட்கம் எனக்குக் காலியா இருக்கு, ஆறு வாரம் போதும், முடிவுல உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் கைல இருக்கும்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க.

முழுக்க ஊர்லேருந்தே பண்ண முடியாதான்னு எல்லாரும் கேக்கறாங்க. சட்டப்படி எவிடன்ஸ் எந்த நாட்டுதா இருந்தாலும் வெக்கலாம். ஆனா பிரிட்டன்ல ஒரு நாள்கூட வேலை பாக்காம, இங்கத்த அமைப்புல முடிவெடுக்கத் தெரியும்னு காட்டறது ரொம்ப ரொம்பக் கடினம். கொஞ்சமாவது இங்க வேலை பாத்துட்டு அப்ளை பண்ணுங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றேன்.

7. எவிடன்ஸ் சேக்கற விதம்

இதுல கொஞ்சம் அதிக நேரம் நிக்கறேன், ஏன்னா ஃபைல் ஜெயிக்கறதும் தோக்கறதும் இங்கதான்.

ஒரு தம்பி தன்னோட அவுட்பிரேக் எவிடன்ஸை எனக்கு அனுப்பினார். டெல்டா பக்கம் ஒரு கிராமம், வயித்துப்போக்கு. அறுபது பக்கம், அதுல நாப்பது பக்கம் லைன் லிஸ்ட் (நோயாளிங்க பட்டியல்), ரெண்டு பக்கம் நியூஸ்பேப்பர் கட்டிங், கலெக்டர் வந்த போட்டோ. அவர் பேர் கடைசிப் பக்கத்துல டீம் மெம்பர்ஸ் லிஸ்ட்ல ஏழாவதா இருந்தது. போன் போட்டு கேட்டேன், நீ என்னப்பா பண்ணினேன்னு. அண்ணே, ஓவர்ஹெட் டேங்க் அடில குளோரின் சரியா இருந்துச்சு, தெருக் கடைசி குழாய்ல குளோரின் அளக்கற குளோரோஸ்கோப் வெச்சுப் பாத்தா கலரே வரல, 0.2 கூட இல்ல, அப்ப நடுவுல எங்கயோ ஒழுகுதுன்னு பைப் போற வழியெல்லாம் நடந்தேன், ஒரு இடத்துல லைன் சாக்கடைக்குள்ள போகுது, உடனே அந்த லைனை மூடி லாரித் தண்ணி விடுங்கன்னு பஞ்சாயத்துல சொன்னேன், மாட்டேன்னாங்க, மறுநாள் மீட்டிங்ல மறுபடி பேசி மூட வெச்சேன்.

இவ்வளவும் பண்ணியிருக்கார், ஃபைல்ல இதுல ஒரு வரிகூட இல்ல. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு பேரும் உக்காந்து அறுபது பக்கத்தை பதினொரு பக்கமாக்கினோம். முதல் பக்கம் கவர் ஷீட்: நிலைமை என்ன, என் முன்னாடி என்ன வழிகள் இருந்தது, நான் எதை எடுத்தேன், ஏன், என்ன ஆச்சு, மறுபடி வந்தா எதை மாத்துவேன். அடுத்து அவர் ஃபீல்ட் நோட்ல கைப்பட எழுதின குளோரின் அளவு, டேங்க்லேருந்து கடைசி குழாய் வரைக்கும் அஞ்சு இடத்துல எடுத்தது. அப்புறம் எபி கர்வ், அதாவது எந்த நாள் எத்தனை பேருக்கு நோய் வந்ததுங்கற வரைபடம் ஒரே பக்கம், லைன் எந்த நாள் மூடினாங்கன்னு அம்புக்குறி போட்டு. மீட்டிங் மினிட்ஸ்ல அவர் பேசினது பதிவான அந்த ஒரு பக்கம். பைப் மாத்தினதுக்கப்புறம் ஆறு வாரம் கழிச்சு எடுத்த தண்ணி ரிசல்ட். கடைசியா அவரோட மேலதிகாரி அரைப் பக்கத்துல எழுதின குறிப்பு.

பாக்கறவங்களுக்கு இப்ப ஒரு ஆள் தெரியறார். தகவல் எடுத்தார், அர்த்தம் பண்ணினார், எதிர்ப்பு வந்தப்ப பேசி ஜெயிச்சார், பலனைத் திரும்பப் போய் பாத்தார். ஒரே வேலை மூணு கீ ஏரியாக்கு ஆதாரம். இப்படி பல ஏரியால பேசற எவிடன்ஸை ஒரு தடவை மட்டும் வெச்சுட்டு மத்த இடத்துல அதோட நம்பரை மட்டும் குடுங்க, காப்பி எடுத்து எடுத்து வெச்சா பாக்கறவங்களுக்கு எரிச்சல்தான் வரும்.

அடிக்கடி வர்ற தப்புங்க சிலது:

நாங்க. நம்ம ஊர்ல நான் நான்னு பேசினா தலைக்கனம்னு நினைப்பாங்க, அதனால செய்யப்பட்டது, முடிவெடுக்கப்பட்டதுன்னு எழுதியே பழகிட்டோம். இங்க அப்படி எழுதினா நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்கன்னு அர்த்தம் ஆயிடும். நான் எடுத்தேன், நான் எழுதினேன், நான் தப்பா கணிச்சேன்னு எழுதுங்க, கூட இருந்தவங்க பங்கையும் நேர்மையா சொல்லுங்க.

சர்டிபிகேட் குவியல். சிஎம்இ, அதாவது டாக்டர்களுக்கான தொடர் கல்வி நிகழ்ச்சிக்குப் போனது, ஒர்க்‌ஷாப்ல உக்காந்தது இதெல்லாம் கலந்துக்கிட்டதுக்கு ஆதாரம், திறமைக்கு இல்ல. அதுல கத்துக்கிட்டு என்ன மாத்தினீங்கன்னு ஒண்ணு ரெண்டுக்கு எழுதினா போதும்.

பழைய சரக்கு. எம்டி தீசிஸ் எவ்வளவு அருமையா இருந்தாலும் பத்து வருஷம் முன்னாடி பண்ணினது உங்க இன்னைக்கு நிலைமையைச் சொல்லாது. கடைசி அஞ்சு ஆறு வருஷ வேலைதான் கனம். பழசுல ரொம்ப முக்கியமானதை சிவி-ல ஒரு வரியா சொல்லிட்டு விட்டுடுங்க.

வேலை நடக்கும்போதே சேருங்க, அதுதான் இதுல பெரிய விஷயம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரை மணி நேரம், அந்த வாரம் எடுத்த ஒரு முடிவுக்கு ஒரு கவர் ஷீட். ரெண்டு வருஷம் கழிச்சு உக்காந்து எழுதினா ஏன் அந்த முடிவை எடுத்தோம்ங்கறதே மறந்திருக்கும்.

8. பேரை மறைக்கறது

நோயாளி பேர், விலாசம், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி நம்பர் எதுவும் தெரியக்கூடாது, தெரிஞ்சா அந்த எவிடன்ஸை ஏத்துக்க மாட்டாங்க. நீங்க மதிப்பெண் போட்ட ஜூனியர், புகார் குடுத்தவர் இவங்க பேரும் அப்படித்தான்.

கருப்பு மார்க்கர்ல அடிச்சு ஸ்கேன் பண்ணினா வெளிச்சத்துல எழுத்து தெரியும். வேர்ட்ல கருப்புப் பெட்டி வெச்சு பிடிஎஃப் ஆக்கினா அடில இருக்கற எழுத்தை காப்பி பண்ணிடலாம். பேரை அழிச்சுட்டு அந்த அழிச்ச பக்கத்தை பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் பண்றதுதான் நிச்சயம். எக்செல்ல மறைச்ச காலம் இருக்கான்னும் பாருங்க.

நம்ம துறைல இன்னொரு ஆபத்து இருக்கு. பேரே இல்லாட்டியும் சின்ன கிராமம், அதுல 7 வயசு பொண்ணு, டிப்தீரியான்னு எழுதினா ஊர்ல எல்லாருக்கும் யாருன்னு தெரியும். ஊர்ப் பேரையும் எடுத்துடுங்க. அந்தக் குடும்பம் நம்மளை நம்பி வீட்டுக்குள்ள விட்டாங்க, அதுக்காகவாவது இதைக் கவனமா பண்ணணும்.

9. கையெழுத்து, சீல், வெரிஃபிகேஷன்

வரிசைல ஒன்பதாவதா எழுதினாலும் இது ஏழாவது படி ஆரம்பிச்ச அன்னைக்கே கூடவே நடக்கணும். நீங்க வேலை பாத்த ஒவ்வொரு இடத்துலயும் பொறுப்புல இருக்கற ஒருத்தர், இந்த டாக்குமென்ட் எல்லாம் உண்மை, இவர் பண்ணினதுதான்னு அதுக்குண்டான ஃபார்ம்ல உறுதி சொல்லணும். ஜிஎம்சி அவங்களை நேரா தொடர்புகொண்டு கேக்கவும் செய்யலாம்.

அங்கதான் சிக்கல். நம்ம ஊர் அரசு டாக்டர்கள் பெரும்பாலும் ஜிமெயில்தான் வெச்சிருப்பாங்க, இங்க ஆபீஸ் இமெயில் எதிர்பாப்பாங்க. வேலையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட் பேர்ல, காலேஜ் பேர்ல ஏதாவது ஒரு அஃபிஷியல் ஐடி வேலை செய்யுதான்னு ஒரு டெஸ்ட் மெயில் போட்டுப் பாருங்க. எனக்கே நடந்தது: நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல எனக்கு மேல இருந்தவர் ரிட்டையர் ஆயிட்டார், புதுசா வந்தவருக்கு என்னைத் தெரியாது, தெரியாத ஆளுக்கு எப்படிங்க கையெழுத்து போடறதுன்னார். அவர் கேட்டது நியாயம்தான். பழைய அட்டெண்டன்ஸ், ஆர்டர் காப்பி எல்லாம் தேடி எடுத்து, பழையவரையே அவர்கிட்ட பேச வெச்சு முடிக்க ஏழு மாசம் போச்சு. ஊரைவிட்டுக் கிளம்பற மாசத்துலயே வாங்கியிருந்தா ஒரு மத்தியான வேலை.

இங்கிலீஷ்ல இல்லாத டாக்குமென்ட் இருந்தா, தமிழ்ல வந்த அரசு ஆர்டர், சிங்களத்துல வந்த நியமனக் கடிதம் மாதிரி, சர்டிஃபைட் மொழிபெயர்ப்பு வேணும். நீங்களே மொழிபெயர்த்து வெக்கக்கூடாது.

10. ரெஃப்ரி

பெரிய பேர் இருக்கறவரைப் பிடிக்காதீங்க, உங்க வேலையைப் பாத்தவரைப் பிடிங்க. ஜிஎம்சி கேக்கற ரிப்போர்ட்ல ஒவ்வொரு திறமையாக் கேட்டு, நீங்க நேரா பாத்ததுக்கு உதாரணம் சொல்லுங்கன்னு இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபங்ஷன்ல பாக்கற டீன், நல்ல பையன், கடின உழைப்பாளின்னு ரெண்டு வரி எழுதினா அதுல யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்ப வேலை பாக்கற இடத்துல தலைமைல இருக்கறவர் ஒருத்தர் கட்டாயம் வேணும். அவங்களுக்கு உங்க எக்செல் ஷீட்டையும், அவங்க கூட இருந்து பாத்த அஞ்சாறு வேலையோட கவர் ஷீட்டையும் அனுப்பிடுங்க. என்ன எழுதணும்னு சொல்லிக்குடுக்காதீங்க, அது தப்பு. ஞாபகப்படுத்தறது தப்பில்ல. ஊர்ல இருக்கற சார், மேடம்கிட்ட பேசும்போது இது புகழ்ச்சிக் கடிதம் இல்ல சார், நீங்க கண்ணால பாத்தது மட்டும் வேணும்னு தெளிவா சொல்லிடுங்க.

11. காலாவதி ஆகற பேப்பருங்க

இப்பதான் இதுங்களோட நேரம். நீங்க வேலை பாத்த நாட்டு மெடிக்கல் கவுன்சில்லேருந்து, உங்க மேல ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லன்னு சொல்ற குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட், கடைசி அஞ்சு வருஷத்துல எந்தெந்த நாட்டுல வேலை பாத்தீங்களோ எல்லாத்துலேருந்தும். அது மூணு மாசம்தான் செல்லும். நடுவுல ஒரு வருஷம் மாலத்தீவுலயோ ஓமன்லயோ இருந்துட்டு வந்தவங்க அதை மறந்துடறாங்க.

இங்கிலீஷ் பரீட்சை, ஜிஎம்சி ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் இல்லாதவங்களுக்கு. ஐஇஎல்டிஎஸ் அகடெமிக்ல மொத்தம் 7.5, ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 7, ஒரே தடவைல எழுதினதா இருக்கணும். இல்லன்னா ஓஇடிங்கற இன்னொரு இங்கிலீஷ் பரீட்சை, அதுல மெடிசின் பிரிவுல நாலுலயும் பி. மதிப்பு ரெண்டு வருஷம். ரைட்டிங்ல 6.5 வாங்கி அரை மார்க்ல நின்னவங்க நிறைய, ஓஇடில லெட்டர் எழுதறது டாக்டர்களுக்குப் பழகினதுங்கறதால அங்க மாறி ஜெயிச்சவங்களும் நிறைய.

ஒரு நல்ல செய்தி, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. போர்ட்ஃபோலியோ அப்ளிகேஷன் ஜெயிச்சா, அதை வெச்சே முழு ரெஜிஸ்ட்ரேஷனும் வாங்கலாம், வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் பரீட்சை எழுதணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ரெஜிஸ்ட்ரேஷன் கேக்கற நேரத்துல இங்கிலீஷ் ஸ்கோர் உயிரோட இருக்கணும், அதனாலதான் முதல் வாரமே எழுதாதீங்கன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

12. சப்மிட் பண்ணி பதில் வர்ற வரைக்கும்

ஃபீஸ் 1,500 பவுண்டுக்கு மேல, தோத்தா திரும்ப வராது. அதனால சப்மிட் பண்றதுக்கு முன்னாடி உங்க வேலையைப் பத்தி எதுவுமே தெரியாத ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட வெறும் கவர் ஷீட்டுகளை மட்டும் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. எந்த இடத்துல அவங்க, இதுல நீ என்ன பண்ணினேன்னு கேக்கறாங்களோ அங்க திருத்துங்க.

ஃபைல் பேரை ஒழுங்கா வைங்க. ஸ்கேன்1, ஸ்கேன்2, ஃபைனல் ஃபைனல்னு அனுப்பினா யாருக்கும் புரியாது. கீ ஏரியா நம்பர், வரிசை எண், ஒரு சின்ன தலைப்பு போதும்.

அனுப்பினதும் ஜிஎம்சி ஆள் ஒருத்தர் முதல்ல பாத்துட்டு எது குறையுதுன்னு சொல்லுவார், அதைச் சேக்க குறிப்பிட்ட நாள் குடுப்பாங்க. அந்த நேரத்துல லீவு போட்டு ஊருக்குப் போயிடாதீங்க, நிஜமாவே ஒருத்தர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு மெயில் பாக்காம விட்டுட்டார். அப்ளிகேஷன் முழுமைன்னு ஆனதுக்கப்புறம் மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும்.

13. முடிவு வந்தப்புறம்

இல்லன்னு வந்தா, மனசு உடையும், ரெண்டு நாள் யாரோடயும் பேசாம இருங்க பரவாயில்ல. அதுக்கப்புறம் அந்த லெட்டரைப் பிரிச்சுப் படிங்க. எந்தெந்த ஏரியா பத்தல, என்ன வேணும்னு தெளிவா எழுதியிருப்பாங்க. அதை அப்படியே எக்செல்ல ஏத்துங்க. குறிப்பிட்ட ஏரியாதான் பத்தலன்னா 12 மாசத்துக்குள்ள ரிவ்யூ கேக்கலாம், புது எவிடன்ஸோட. முடிவே சட்டப்படி தப்புன்னு தோணினா 28 நாளுக்குள்ள அப்பீல். பெரும்பாலானவங்களுக்கு ரிவ்யூதான் சரியான வழி, கோவத்துல அப்பீலுக்குப் போயி நாளையும் பணத்தையும் விடாதீங்க. பன்னெண்டு மாசம் நீளமா தெரியும், ஆனா ஆன் கால் ரோட்டால இடம் வாங்கவே மூணு மாசம் போயிடும், அதனால லெட்டர் வந்த வாரமே சூப்பர்வைசர்கிட்ட போங்க.

பேர் ரெஜிஸ்டர்ல வந்துட்டா அடுத்தது கன்சல்டன்ட் இன்டர்வியூ. அப்பாயின்ட்மென்ட் கமிட்டில ஃபேகல்ட்டியோட அசெஸர் ஒருத்தரும் உக்காந்திருப்பார். அங்க கேக்கற கேள்விக்கு நீங்க எழுதின கவர் ஷீட்டுங்கதான் பதில், அந்தத் தம்பி குளோரோஸ்கோப் கதையைத்தான் சொன்னார். லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு வருஷா வருஷம் அப்ரைசல், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரீவேலிடேஷன், அதாவது லைசென்ஸைத் தொடர்றதுக்கான சரிபார்ப்பு உண்டு. அதுக்கும் இதே மாதிரி பேப்பர்தான் கேப்பாங்க, அதனால அந்த ஃபோல்டரை மூடாதீங்க, வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தையும் நிறுத்தாதீங்க.